நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன்

வழக்கில் வென்றோர் புகழ் பெறுதல் உலக இயல்பு. தாம் எழுதிய தீர்ப்புக்களால் ஒரு நாட்டின் சட்டத்தை வகுத்த நீதிபதிகள் பின்னாளில் நினைக்கப்படுதலும் இயல்பே. ஆனால், எழுதிய காலத்தில் எவரையும் கட்டுப்படுத்தாத, எவ்வழக்கையும் வெல்லாத எழுத்துக்களால் அழியாப் பெயர் பெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்சநீதி மன்றத்தில் 1877 முதல் 1911 வரை வீற்றிருந்த ஜான் மார்ஷல் ஹார்லன் என்பாரே அவர்.

அம்மன்றத்தில் நீதிபதிகள் ஒன்பதின்மர். அவருள் பெரும்பான்மையோர் கொண்ட கருத்தே தீர்ப்பாகும். உடன்படாதவர் தம் கருத்தைக் காரணங்காட்டித் தனியே எழுதி வைக்கலாம். அதனை மாறுபட்ட தீர்ப்பு என்பர். அதற்குச் சட்ட வலிமை சிறிதும் இல்லை. வலிமையற்ற அவ்வெழுத்தை ஏறக்குறைய முப்பத்துநான்கு ஆண்டுகள் சலியாது எழுதியவர் ஹார்லன். இதனினும் வியப்பு ஒன்றுண்டு. கறுப்பின மக்களின் உரிமைக்காக ஒருவராய் நின்ற இவர், முன்னாளில் அடிமைகளை உடையவராகவும் அவர்தம் விடுதலையை எதிர்த்தவராகவும் இருந்தவர். அவ்வாறிருந்தவர் இவ்வாறு ஆயது எங்ஙனம் என்பதே அவர் வரலாற்றில் நாம் அறிய வேண்டுவது.

ஹார்லன் 1833-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் கெண்டக்கி மாகாணத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஹார்லன் பெயர் பெற்ற வழக்கறிஞர். காங்கிரசில் இருமுறை உறுப்பினராய் அமர்ந்தவர். ஹென்றி கிளே என்னும் அரசியலறிஞரின் நண்பர். அமெரிக்க அரசியற் சட்டத்துக்குப் பொருள்கண்டு, மாகாணங்களைப் பிணைத்து நிற்கும் ஐக்கிய அரசுக்கு உறுதி தேடித் தந்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷலிடத்தில் ஜேம்ஸுக்கு இருந்த மதிப்பு அளவிறந்தது. அப்பெரியார் பெயரையே தம் மகனுக்கு இட்டார். மகன் ஒருநாள் அம்மன்றத்திலேயே அமர்வான் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

கெண்டக்கி அடிமை முறை நிலவிய மாகாணம். ஜேம்ஸின் இல்லத்திலும் அடிமைகள் இருந்தனர். ஆயினும் அம்முறையின் கொடுமை அவர் நெஞ்சை உறுத்தாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையும் சிறுவனும் ஆலயத்துக்குச் சென்றுகொண்டிருந்தனர். சங்கிலியால் பிணிக்கப்பட்ட அடிமைகள் சிலரைச் சாட்டை ஏந்திய ஒருவன் தெருவழியே ஓட்டி வந்தான். ஜேம்ஸ் நடுத்தெருவுக்குச் சென்று அவன் முகத்துக்கு நேரே விரல் நீட்டி, அவனைக் கடுஞ்சொல்லால் இழித்துரைத்துவிட்டு, ஒன்றும் நிகழாதவர்போலத் திரும்பி நடந்தார். கடுமொழி வழங்காத தந்தை அன்று வழங்கிய அச்சொல்லை மகன் தன் வாழ்நாள் முழுதும் மறந்திலன். பின்னாளில் ஹார்லனின் மனைவியார் எழுதிய நினைவுக் குறிப்புக்களில் இந்நிகழ்ச்சி காணப்படுகின்றது. அடிமையை ஓட்டிச் செல்பவனைக் கடிந்த அவரே வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. அம்முரண்பாட்டின் நடுவேதான் ஹார்லன் வளர்ந்தார்.

அவ்வீட்டில் இராபர்ட் ஹார்லன் என்னும் ஒருவரும் இருந்தார். அவர் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர். நிறத்தில் பெரும்பாலும் வெள்ளையரை ஒத்தவர். ஜானுக்குப் பதினாறு பதினேழு ஆண்டு மூத்தவர். ஜேம்ஸ் அவரைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தி எழுத்தறிவும் அளித்தார். இராபர்ட், ஜேம்ஸின் மகனே என்று பலரும் கருதினர். அதுபற்றி வரலாற்றாசிரியர் ஒருமனப்பட்டிலர். விடுதலை பெற்றபின் அவர் கலிபோர்னியாவில் பெரும்பொருள் ஈட்டி, சின்சின்னாட்டி நகரில் குடியேறி, கறுப்பின மக்களின் தலைவர்களுள் ஒருவரானார். அறிவிலும் ஆற்றலிலும் எவர்க்கும் குறையாத ஒருவரைப் பிள்ளைமை தொட்டே கண்டறிந்தவர் ஹார்லன் என்பது கருதத்தக்கது.

டான்வில் நகரில் பிரிஸ்பிட்டேரியன் சபையார் நடத்திய சென்டர் கல்லூரியில் பயின்று 1850-இல் பட்டம் பெற்றார். பின்னர் டிரான்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1853-இல் வழக்கறிஞரானார். 1856-இல் மால்வினா ஷாங்க்லின் என்னும் மங்கையை மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பதினேழு. அவர் பிறந்த இண்டியானா அடிமையற்ற மாகாணம். பெற்றோர் அடிமை முறையை வெறுத்தவர்கள். அத்தகைய குடியிற் பிறந்த பெண் அடிமைகள் பணிசெய்யும் வீட்டுக்கு மருமகளாய் வந்தாள்.

ஹார்லனின் இளமைக்கால அரசியல் புகழத்தக்கதன்று. தந்தையார் சார்ந்திருந்த விக் கட்சி சிதைந்தபின், வெளிநாட்டிலிருந்து குடிபுகுவோரையும் கத்தோலிக்கரையும் பகைத்த கட்சியொன்றில் அவர் சேர்ந்தார். நாவன்மை மிக்கவராதலால் ஊர்தோறும் சென்று அக்கட்சிக்காகப் பேசினார். 1858-இல் பிராங்க்லின் வட்டாரத்தின் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உச்சநீதி மன்றம் செல்லும்வரை அவர் நீதிபதியாய் இருந்தது அச்சிறு பதவி ஒன்றில்தான். மறு ஆண்டு காங்கிரஸ் தேர்தலில் நின்று 67 வாக்குகளால் தோற்றார்.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கத் தென்மாகாணங்கள் பிரிந்து சென்றன. கெண்டக்கி எப்பக்கம் சேரும் என்பது ஐயமாய் இருந்தது. ஹார்லன் ஐக்கியத்தின் பக்கம் நின்று அம்மாகாணத்தைப் பிரியவிடாது காக்கப் பெரிதும் உழைத்தார். இளமனைவியையும் குழந்தைகளையும் விட்டுப் போருக்குச் செல்வதா என்று அவர் தயங்கியபோது, நாட்டுக்குரிய கடமையைச் செய்க என்று மால்வினாவே விடைகொடுத்தார். பத்தாம் கெண்டக்கிக் காலாட்படையைத் திரட்டி அதற்குக் கர்னலாகி, தென்னாட்டுக் குதிரைப்படைத் தலைவன் மார்கனை எதிர்த்தும் பொருதார். 1863 பிப்ரவரியில் தந்தையார் இறக்கவே, குடும்பப் பொறுப்பை ஏற்கும் பொருட்டுப் படையை விட்டு விலகினார். அவ்வாண்டிலேயே கெண்டக்கியின் அட்டர்னி ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது.

ஐக்கியத்துக்காகப் போர் செய்தவர் அடிமைகளின் விடுதலைக்காகவும் போர் செய்தார் என்று நினைத்தல் தவறு. லிங்கனது விடுதலை அறிக்கையை அவர் கண்டித்தார். 1864 தேர்தலில் லிங்கனுக்கு எதிராக நின்ற மக்கிளெல்லனை ஆதரித்தார். அடிமை முறையை நாடெங்கும் ஒழித்த அரசியற் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தத்தையும் எதிர்த்தார். கெண்டக்கியின் உள்விவகாரத்தில் ஐக்கிய அரசு தலையிடுதல் முறையன்று என்பது அவர் கூறிய காரணம். 1865 டிசம்பரில் அத்திருத்தம் நிறைவேறிய பின்னரே அவர் இல்லத்து அடிமைகளும் விடுதலை பெற்றனர்.

இனி, அவர் மனம் மாறிய வரலாற்றைக் காண்போம். அது ஒருநாளில் நிகழ்ந்த மாற்றமன்று. கண்களைக் கூசச் செய்யும் ஒளியும் வானினின்று இறங்கவில்லை. போர் முடிந்தபின் கெண்டக்கியில் வன்செயல்கள் பெருகின. முகமூடி அணிந்த கூட்டத்தார் இரவில் வந்து விடுதலை பெற்ற மக்களை அடித்தனர், தூக்கிலிட்டனர், வீடுகளுக்குத் தீயிட்டனர். சட்டத்தை உயிரெனப் போற்றிய ஹார்லனுக்கு இக்காட்சி பொறுக்கவில்லை. அம்மக்களைக் காக்க மாகாண அரசு முன்வராதாயின் ஐக்கிய அரசன்றி வேறு யார் காப்பார் என்னும் கேள்வி அவர்முன் எழுந்தது. பழைய கட்சிகளும் மறைந்தன. ஒன்று, பழைய எசமானர்கள் மீண்டும் தலைதூக்கிய கட்சி. மற்றொன்று, லிங்கனின் குடியரசுக் கட்சி. 1868-இல் ஹார்லன் குடியரசுக் கட்சியிற் சேர்ந்தார்.

1871-இல் கெண்டக்கியின் கவர்னர் பதவிக்கு அக்கட்சியின் சார்பில் நின்றார். கூட்டந்தோறும் எதிரிகள் அவருடைய பழைய பேச்சுக்களை எடுத்துப் படித்து எள்ளி நகையாடினர். அவர் எதையும் மறைத்திலர். பூசி மெழுகவும் இல்லை. தாம் அங்ஙனம் பேசியது உண்மை என்றும், இப்போது கருத்து மாறியதும் உண்மை என்றும், அடிமை முறை கொடுங்கோன்மையுள் எல்லாம் கொடியது என்றும், அது ஒழிந்ததில் தமக்கு மகிழ்ச்சியே என்றும் மேடையிற் கூறினார். முரண்பாடில்லாதவர் எனப் பெயர் பெறுதலைவிடச் சரியான பக்கத்தில் நிற்றலையே தாம் விரும்புவதாகவும் சொன்னார். தேர்தலில் தோற்றார். 1875-இல் மீண்டும் நின்று மீண்டும் தோற்றார். பதவி வேட்கையால் கட்சி மாறினார் என்று அவர்மீது பழி கூறுவோர், கெண்டக்கியில் அப்போது வெல்லும் கட்சி எது என்பதையும் நோக்குவாராக. ஆயினும் அவர் மாற்றம் அன்று முழுமை பெற்றிருக்கவில்லை. வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் அமர்தலை அவர் 1871-இலும் ஏற்றிலர். இதனை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

1876-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளரைத் தெரிந்தெடுக்கக் கட்சியார் சின்சின்னாட்டியில் கூடினர். கெண்டக்கிப் பிரதிநிதிகளின் தலைவராய்ச் சென்ற ஹார்லன், தம் நண்பர் பிரிஸ்டோ வெல்லாமை கண்டு, தம்மவர் வாக்குக்களை ஹேய்ஸுக்கு மாற்றினார். ஹேய்ஸ் தலைவரானார். 1877-இல் உச்சநீதி மன்றத்தில் ஓர் இடம் ஒழிந்தபோது அவர் ஹார்லனின் பெயரை முன்மொழிந்தார். முன்னாளில் அடிமை வைத்திருந்தவரை இப்பதவியில் அமர்த்தலாமா என்று செனட்டர் சிலர் ஐயுற்றனர். எனினும் நவம்பர் 29-ஆம் நாள் செனட் சபை இசைவளித்தது. நாற்பத்துநான்கு வயதில் ஹார்லன் அம்மன்றத்தில் அமர்ந்தார்.

அவருடைய உள்ளத்தை நாடு அறிந்தது 1883-இல். எட்டாண்டுகட்கு முன்னர்க் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. விடுதிகள், ஊர்திகள், நாடக அரங்குகள் ஆகியவற்றில் நிறம் பற்றி எவரையும் தடுத்தல் கூடாது என்பது அச்சட்டம். அது செல்லுமா என்னும் வழக்குகள் ஐந்து ஒருங்கே மன்றத்துக்கு வந்தன. அரசியற் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் மாகாண அரசுகளின் செயலையே தடுக்கும், தனி மனிதர் செயலைத் தடுக்காது என்று கூறி, மன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. எண்மர் ஒருபுறம், ஹார்லன் ஒருவர் மறுபுறம்.

தனித்து நிற்கத் துணிந்தாரேனும் எழுதுதல் எளிதாய் இருக்கவில்லை. பல நாள் எண்ணியும் எழுத்து ஓடவில்லை. இரவில் எழுந்து சில வரிகளைக் குறிப்பதும் மீண்டும் படுப்பதுமாய் இருந்தார். அப்போது நிகழ்ந்ததொன்றை மால்வினா எழுதியுள்ளார். 1857-இல் டிரெட் ஸ்காட் என்னும் அடிமையின் வழக்கில், கறுப்பினத்தார் இந்நாட்டுக் குடிமக்கள் ஆகார் என்று தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி ராஜர் டானி. அவர் பயன்படுத்திய மைக்கூடு ஹார்லனின் கைக்கு வந்திருந்தது. டானியின் உறவினராகிய ஓர் அம்மையார் அதனைக் காண விரும்ப, ஹார்லன் அவர்க்கே கொடுப்பதாக வாக்களித்துவிட்டார். மால்வினாவுக்கு அதனைப் பிரிய மனமில்லை. ஒருவரும் அறியாதபடி ஒளித்து வைத்தார். காணவில்லை என்று கணவர் வருந்தியும் வாய் திறந்திலர். இப்போது கணவர் படும் இடர்ப்பாட்டைக் கண்டு, அவர் ஆலயத்துக்குச் சென்றிருந்த வேளையில் அம்மைக்கூட்டை எடுத்துத் துலக்கி, மை நிரப்பி, எழுதும் மேசைமேல் தாள்களின் எதிரே வைத்தார். திரும்பி வந்த ஹார்லன் அதனைக் கண்டார். கறுப்பினத்தாரின் அடிமைத் தளையை இறுக்கிய மை எந்தக் கூட்டிலிருந்து வந்ததோ, அதே கூட்டின் மையைத் தொட்டு அவர் எழுதத் தொடங்க, எழுதுகோல் தடையின்றி ஓடிற்றாம். தீர்ப்பு வெளிவந்து சில வாரங்கள் கழித்து அவர் மாறுபட்ட தீர்ப்பும் வெளிவந்தது.

பதின்மூன்றாம் திருத்தம் அடிமைத் தளையை மட்டுமன்றி, அடிமைத்தனத்தின் அடையாளங்கள் யாவற்றையும் அகற்றும் உரிமையைக் காங்கிரசுக்குத் தந்தது என்றும், பொதுமக்களுக்காக நடைபெறும் ஊர்திகளும் விடுதிகளும் அரசின் அனுமதியால் இயங்குவன ஆதலின் தனி மனிதர் செயலென அவற்றை விலக்குதல் பொருந்தாது என்றும் அதில் எடுத்துக் காட்டினார். விடுதலை பெற்றோர் சட்டத்தின் செல்லப் பிள்ளைகளாய் இருத்தலை இனி விடவேண்டும் என்ற பொருள்படப் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியிருந்தது. மற்றைக் குடிமக்களுக்கு உள்ளதையே இவர்க்கும் கொடுத்தல் எவ்வாறு தனிச் சலுகையாகும் என்று ஹார்லன் வினவினார். கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் அவ்வெழுத்தைப் படித்து மகிழ்ந்து பாராட்டினார்.

அடுத்த பெரு வழக்கு 1896-இல் வந்தது. ஹார்லன் பெயரை உலகம் நினைப்பது இதனால்தான். லூயிசியானா மாகாணம் 1890-இல் புகைவண்டிகளில் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பெட்டி அமைக்கச் சட்டம் செய்தது. பெட்டிகள் வேறாயினும் வசதி சமமாய் இருக்க வேண்டுமாம். மீறுவோர்க்கு 25 டாலர் அபராதம் அல்லது இருபது நாள் சிறை. வெள்ளைக் குழந்தையை ஏந்திய கறுப்புச் செவிலி மட்டும் வெள்ளையர் பெட்டியில் ஏறலாம் என்று ஒரு விலக்கும் இருந்தது. ஏவல் செய்ய வந்தால் தீட்டில்லை. சமமாய் அமர வந்தால் தீட்டு என்பதே இதன் கருத்துப் போலும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினத்தார் குழு அமைத்துப் பொருள் திரட்டி இச்சட்டத்தை எதிர்த்தனர். 1892 ஜூன் 7-ஆம் நாள், காலணி செய்யும் தொழிலினரான ஹோமர் பிளெஸ்ஸி முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்தார். எண்பங்கில் எழுபங்கு வெள்ளைக் குருதி உடையவர் அவர், பார்வைக்கு வெள்ளையரே. தம் பிறப்பை அவரே வெளிப்படுத்தினார், இறங்க மறுத்தார், சிறைப்பட்டார். இவை யாவும் வழக்கின் பொருட்டு முன்னரே திட்டமிட்டுச் செய்தவை. கீழ்மன்றங்கள் தள்ளிய வழக்கு நான்கு ஆண்டுகள் கழித்து உச்சநீதி மன்றத்தை அடைந்தது. நீதிபதி புரூவர் இதில் பங்கு கொள்ளவில்லை. எஞ்சிய எண்மருள் எழுவர் சட்டம் செல்லும் என்றனர். தனிப்பெட்டி இழிவைக் குறிக்கிறது என்று கறுப்பினத்தார் கருதினால், அது அவர்களே கற்பித்துக் கொண்ட பொருள் என்று எழுவர் சார்பில் நீதிபதி பிரௌன் எழுதினார்.

இம்முறையும் ஹார்லன் தனியே நின்றார். இச்சட்டத்தின் உட்கருத்தை அறியாதார் யார் என்று கேட்டார். வெள்ளையரைக் கறுப்பர் பெட்டியிலிருந்து விலக்க இயற்றியதன்று. கறுப்பரை வெள்ளையர் பெட்டியிலிருந்து விலக்க இயற்றியது. இதனை ஒப்பினால், நாளை தெருவின் ஒரு பக்கம் வெள்ளையர்க்கு, மறுபக்கம் கறுப்பர்க்கு என்று ஏன் பிரித்தலாகாது? இந்நாட்டிற் பிறந்தோர்க்கும் குடியேறிக் குடிமக்களானோர்க்கும், புராட்டஸ்டண்டினர்க்கும் கத்தோலிக்கர்க்கும் தனித்தனிப் பெட்டி ஏன் அமைத்தலாகாது? இவ்வினாவை எழுதியவர் நாற்பதாண்டுகட்கு முன் கத்தோலிக்கருக்கும் குடியேறினோர்க்கும் எதிரான கட்சியில் முழங்கியவர் என்பதை நினைக்குங்கால், ஒரு மனிதர் தம் பழைய வாழ்வுக்குத் தாமே விடை எழுதுதலைக் காண்கின்றோம். அரசியற் சட்டத்துக்கு நிறம் பார்க்கும் கண் இல்லை. குடிமக்களுள் மேற்குலம் கீழ்க்குலம் என்பதை அது அறியாது. சட்டத்தின்முன் எளியோனும் வலியோனுக்கு நிகர் என்பதே அவர் நிலைநாட்டிய கொள்கை. டிரெட் ஸ்காட் தீர்ப்பு எவ்வளவு கேடு விளைத்ததோ அவ்வளவு கேட்டை இதுவும் விளைக்கும் என்றும் எச்சரித்தார்.

அத்தீர்ப்பை அக்காலத்துச் செய்தித்தாள்கள் பெரிதாக எண்ணவில்லை; நியூயார்க் நகரத்துப் பெரிய நாளிதழ் ஒன்று அதனைப் புகைவண்டிச் செய்திகளோடு ஒன்றாய் வெளியிட்டது. பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டிவிட்டுத் தம் வாழ்க்கைக்குத் திரும்பினார். தென்மாகாணங்களில் பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய், கல்லறைத் தோட்டம் வரை பிரிவினை பரவிற்று.

நிற்க. ஹார்லனை மாசற்ற தெய்வமாக்கிக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும். சிறந்ததென நாம் போற்றும் அதே தீர்ப்பில், சீனர் நம்மினின்று மிக வேறுபட்ட இனத்தார். குடிமக்களாகும் தகுதி சட்டத்தால் அவர்க்கு இல்லை. அத்தகையோர்க்கும் வெள்ளையர் பெட்டியில் இடமிருக்கக் கறுப்புக் குடிமகனுக்கு இடமில்லையே என்று வாதிட்டார். ஒருவர்க்கு நீதி கேட்க மற்றொருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. 1898-இல், அமெரிக்க மண்ணில் சீனப் பெற்றோர்க்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் அந்நாட்டுக் குடிமகனே என்று மன்றம் முடிவு செய்தபோது, ஹார்லன் அதற்கு மாறுபட்டோர் பக்கம் சேர்ந்தார். தனித்து நின்றவர் எல்லாம் நேர்வழி நின்றவர் ஆகார் என்பதற்கு இதுவே சான்று. மறு ஆண்டு ஜார்ஜியா மாகாணத்து ஆகஸ்டா நகரில், கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு வெள்ளையர் பள்ளிக்கு மட்டும் பொருளுதவி அளித்ததை எதிர்த்த வழக்கு வந்தது. அவ்வழக்கைத் தள்ளி, ஒருமனதான தீர்ப்பை எழுதியவர் ஹார்லனே. 1871-இல் பள்ளிகள் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் முற்றும் நீங்கவில்லை போலும். அவரைப் போற்றுவோர் இதற்குச் சட்ட நுணுக்கம் பல கூறுவர். பள்ளிக்கூடம் இழந்த அப்பிள்ளைகளை எண்ணும்போது அவ்விடைகள் எனக்கு நிறைவு தரவில்லை.

பிற வழக்குகளைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். 1895-இல் வருமானவரிச் சட்டம் செல்லாதென மன்றம் கூறியபோது, பொருளாளரைக் காத்து ஏழையர்மேல் சுமை ஏற்றும் முடிவு இது என்று, மேசையைத் தட்டித் தம் மாறுபாட்டை வெளியிட்டார். 1905-இல் ரொட்டிச் சாலைத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணிக்கு மேல் வேலை செய்தலைத் தடுத்த நியூயார்க் சட்டத்தை மன்றம் தள்ளியபோதும் மாறுபட்டார். புவெர்ட்டோ ரிக்கோ முதலிய புதிய நிலப்பகுதிகளை அமெரிக்கா கைக்கொண்டபின், அரசியற் சட்டம் முழுதும் அங்கும் செல்ல வேண்டும் என்று வாதிட்டார். எப்போதும் தோற்றவர் என்றும் எண்ணவேண்டா. 1904-இல் பெரும் புகைவண்டிக் கம்பெனிகளின் கூட்டைக் கலைத்த தீர்ப்பில் முதன்மையான உரை அவருடையதே.

கல்லூரி மாணவராகிய நம் நெஞ்சைத் தொடுவது 1908-இல் முடிந்த வழக்கு ஒன்று. கெண்டக்கியில் பெரியா என்னும் ஊரில் ஜான் பீ என்னும் குருவானவர் தோற்றுவித்த கல்லூரியில், போருக்குப் பின் வெள்ளை மாணவரும் கறுப்பு மாணவரும் ஒருங்கே பயின்று வந்தனர். 1904-இல் மாகாண சட்டசபை அதனைக் குற்றமாக்கியது. கல்லூரிக்கு 1,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உச்சநீதி மன்றமும் மாகாணத்துக்கே சார்பாய்க் கூறியது. எழுபத்தைந்து வயதை அடைந்திருந்த ஹார்லன், தாம் பிறந்த மாகாணத்துக்கு எதிராக எழுதினார். தாமே விரும்பிக் கூடும் இளைஞரைக் கற்கவிடாது அரசு தடுக்கலாமெனின், ஞாயிறு பள்ளியில் இரு இனத்தாரும் ஒன்றாய் அமர்தலையும், ஒரே ஆலயத்தில் ஒரே திருவிருந்தில் கலத்தலையும் தடுக்கலாமன்றோ என்று கேட்டார். இவ்வினா வெறும் வாதமன்று. அவர் வாஷிங்டனில் பிரிஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர். ஆண்டுக்கணக்கில் ஞாயிறுதோறும் ஆண்களுக்கு வேதபாடம் நடத்தியவர். ஒரு கையை அரசியற் சட்டத்தின்மேலும் மறு கையை வேதபுத்தகத்தின்மேலும் வைத்துக்கொண்டே ஹார்லன் உறங்குவார் என்று உடன் நீதிபதி புரூவர் ஒருமுறை விருந்தொன்றில் நகையாடினார்.

அவர் ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் வழுக்கைத் தலையும் கணீரென்ற குரலும் உடையவர். முதுமையில் கோல்ப் ஆட்டத்தில் பேரார்வம் கொண்டார். மன்றத்தில் கடுமையாய் மாறுபட்ட நீதிபதிகளோடும் வெளியில் நட்பாகவே பழகினார். கடன் சுமை அவரை விட்டகலவில்லை. 1889 முதல் ஏறக்குறைய இருபதாண்டுகள், பகலில் மன்றத்தில் அமர்ந்தபின் மாலையில் கொலம்பியன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார். அரசாங்க அலுவலகங்களில் எழுத்தராய் உழைத்துக்கொண்டே பயின்ற இளைஞர் பலர் அங்கே அவர் மாணவர். 1897-இலும் அடுத்த ஆண்டிலும் அவர் நிகழ்த்திய விரிவுரைகளை மாணவர் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தமையால், அவருடைய பேச்சின் போக்கை இன்றும் நாம் அறியமுடிகின்றது. 1911 அக்டோபரில் மன்றம் கூடியபோதும் தம் இருக்கையில் அமர்ந்தார். சில நாட்களில் நோயுற்று, அம்மாதம் 14-ஆம் நாள் தம் எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். வாஷிங்டனில் ராக் கிரீக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வருமானவரி பற்றிய அவர் கருத்து 1913-இல் அரசியற் சட்டத்தின் பதினாறாம் திருத்தத்தால் நிறைவேறிற்று. 1954 மே 17-ஆம் நாள், பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்று உச்சநீதி மன்றம் ஒன்பதின்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிளெஸ்ஸி வழக்கு முடிந்து அப்போது ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தீர்ப்பில் ஹார்லன் பெயர் காணப்படவில்லை. ஆனால், அவ்வழக்கை நடத்திய கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், மனம் தளர்ந்தபோதெல்லாம் ஹார்லனின் 1896-ஆம் ஆண்டு எழுத்தை உரக்கப் படித்து ஊக்கம் பெற்றார் என்று உடனுழைத்தோர் கூறியுள்ளனர். 1883-இல் தள்ளப்பட்ட சட்டத்தை ஒத்த புதுச்சட்டம் 1964-இல் இயற்றப்பட்டது. அதனை மன்றம் ஏற்றது. அப்போது அம்மன்றத்தில் அமர்ந்திருந்தவருள் ஒருவர், பாட்டனாரின் பெயரையே தாங்கிய பேரர் ஜான் மார்ஷல் ஹார்லன்.

மைக்கூட்டின் கதை அடங்கிய மால்வினாவின் நினைவுக் குறிப்புக்கள் நெடுங்காலம் அச்சேறாமல் கிடந்தன. அந்நீதிமன்றத்தின் பெண் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எடுத்த முயற்சியால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை நூலாயின. 2022 ஜனவரி 5-ஆம் நாள் லூயிசியானாவின் கவர்னர், இறந்து தொண்ணூறாண்டுகளுக்கு மேலான ஹோமர் பிளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கிக் கையெழுத்திட்டார். நியூ ஆர்லியன்ஸில், அவர் சிறைப்பட்ட இடத்துக்கு அருகே நடந்த அவ்விழாவில் பிளெஸ்ஸி குடும்பத்தாரும், வழக்கில் பெயர் இடம்பெற்ற கீழ்மன்ற நீதிபதி பெர்குசனின் குடும்பத்தாரும் ஒருங்கிருந்தனர். ஹார்லனின் வழியில் வந்த அம்மையார் ஒருவர் செல்லோ வாசித்தார்.